பேரரசுகள் கலைந்த காலம் – 17: சம்பளப் பாக்கி

1944 நவம்பர் 21. ‘சர்காசியா’ என்ற பிரிட்டிஷ் கப்பல் டக்கார் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதிலிருந்து இறங்கினார்கள். 1940இல் பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, நான்கு வருடம் சிறை முகாம்களில் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்பே தகராறு தொடங்கிவிட்டது. பிரான்சின் மோர்லே துறைமுகத்தில் சுமார் 300 பேர் ஏற மறுத்து நின்றுவிட்டார்கள். முதலில் பாக்கியைத் தீருங்கள், பிறகு ஏறுகிறோம் என்பது அவர்கள் கட்சி. மற்றவர்கள் நம்பி ஏறினார்கள். நம்பியதிலும் தவறில்லை. கைதியாக இருந்த காலத்துச் சம்பளத்தில் கால் பங்கு பிரான்சிலும் மீதி முக்கால் பங்கு ஆப்பிரிக்காவில் இறங்கியதும் தரப்படும் என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருந்தது.

டக்காரின் புறநகரில் உள்ள தியாரோய் முகாமுக்கு அவர்களைக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் போனது, பணம் வரவில்லை. கையில் இருந்த பிரெஞ்சு நோட்டுகளை உள்ளூர் நோட்டாக மாற்றுவதிலும் இழுபறி. கறுப்புச் சிப்பாயிடம் இவ்வளவு காசு எப்படி வந்தது, ஜெர்மானியரிடம் வாங்கியதா, கொள்ளையடித்ததா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். நவம்பர் 28 அன்று, 500 பேர் பமாகோவுக்கு ரயில் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பமாகோ போய்விட்டால் பாக்கி யாரிடம் கேட்பது? அவர்கள் அசையவில்லை. சமாதானம் பேச வந்த ஜெனரல் தாஞானின் காரை மறித்துச் சூழ்ந்துகொண்டார்கள். கோரிக்கையைக் கவனிப்பதாக வாக்குக் கொடுத்தார் ஜெனரல். வழியை விட்டார்கள். அவர் நேரே போய்ப் படைக்கு ஏற்பாடு செய்தார்.

டிசம்பர் 1 விடிகாலையில் முகாமைச் சுற்றி ஒரு டாங்கி, கவச வண்டிகள், துப்பாக்கி ஏந்திய காலாட்படை. காலை ஒன்பதரை மணி அளவில் சூடு நடந்தது. செத்தவர் 35 பேர் என்றது ராணுவ அறிக்கை. ராணுவத்துக்குள்ளேயே எழுதப்பட்ட இன்னோர் அறிக்கையில் அந்த எண்ணிக்கை இரு மடங்கு. இதைவிடப் பெரிய தொகைகளை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முகாமை வளைத்து நின்ற படையிலும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது எளிது; சரியாகாது.

பிழைத்தவர்களில் 34 பேர்மீது ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு. கலகம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்து வருடம் வரை தண்டனை. சம்பளம் கேட்பதற்குக் கலகம் என்று பெயர் வைக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. அவர்களுக்காக வாதாடியவர் செனகலின் மூத்த அரசியல்வாதி லாமின் கெய். வெளியே குரல் கொடுத்தவர்களில் ஒருவர் கவிஞர் லெயோபோல்ட் செதார் செங்கோர். அவரும் அதே போரில் பிடிபட்டு முகாமில் இருந்தவர்தான். 1947இல் எஞ்சியிருந்த கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள்.

சென்ற அத்தியாயத்தில் டச்சுப் படையின் அம்போன் சிப்பாய்களைப் பார்த்தோம். ஆண்டவன் போனதும் நாடே இல்லாமல் போனவர்கள் அவர்கள். பிரெஞ்சு ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு நாடு கிடைத்தது, கொடி கிடைத்தது. கிடைக்காமல் இழுத்தடிக்கப்பட்டது கூலி. மேற்கு ஆப்பிரிக்காவின் விடுதலைக் காலத்தை இந்தப் பாக்கிக் கணக்கின் வழியாகப் படித்தால், கொடியேற்றங்களில் தெரியாத பல விஷயங்கள் தெரிகின்றன.

இந்தப் படைக்குப் பெயர் ‘செனகல் திராய்யர்’. திராய்யர் என்றால் பிரெஞ்சில் அணியாக நிற்காமல் சிதறி நின்று சுடும் துப்பாக்கிக்காரர். தில்லியில் நம் சிப்பாய்கள் கொதித்தெழுந்திருந்த அதே 1857 ஜூலையில், மூன்றாம் நெப்போலியன் இதைத் தொடங்கும் ஆணையில் கையெழுத்திட்டார். யோசனை செனகல் ஆளுநர் ஃபேதெர்ப்புடையது. பெயரில்தான் செனகல். ஆட்கள் இன்றைய மாலி, கினி, புர்க்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட், சாடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். தொடக்க காலத்தில் அடிமைகளை எஜமானர்களிடம் காசு கொடுத்து மீட்டுப் படையில் சேர்த்ததும் உண்டு. 1919இல் கட்டாய ராணுவ சேவை வந்தது, மூன்று வருடம். முதல் உலகப் போரில் சுமார் 30,000 பேரைப் பலி கொடுத்த பிறகு வந்த பரிசு அது.

1940இல் பிடிபட்டவர்களின் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கறுப்பர்கள் தங்கள் மண்ணில் கால் வைப்பதை நாஜிகள் விரும்பவில்லை. ஆகவே அவர்களுக்கு முகாம்கள் பிரான்சிலேயே அமைந்தன. 1943இல் ஜெர்மனிக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது, காவல் வேலையைப் பிரெஞ்சு அதிகாரிகளிடமே ஒப்படைக்க, ஜெர்மனிக்குப் பணிந்திருந்த பிரான்சின் விஷி அரசு சம்மதித்தது. தன் சிப்பாயைத் தானே எதிரிக்காகக் காவல் காத்தது பிரான்ஸ். தியாரோயில் இறங்கியவர்களின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க இந்த ஒரு தகவலே போதும்.

சிறைப்படாத ஆப்பிரிக்கர்களுக்கு வேறு விதமான மரியாதை. 1944 ஆகஸ்டில் தென் பிரான்சின் கடற்கரையில் இறங்கித் துலோன் நகரை மீட்டவர்களில் திராய்யர்கள் ஏராளம். இலையுதிர் காலம் வந்ததும், குளிர் தாங்க மாட்டார்கள் என்ற காரணம் சொல்லி முன்னணியிலிருந்து அவர்களை விலக்கினார்கள். இடத்தில் வெள்ளை இளைஞர்கள் நிறுத்தப்பட்டார்கள். பல இடங்களில் கோட்டும் பூட்சும் துப்பாக்கியும் கழற்றி வாங்கப்பட்டு, புதிதாக வந்தவர்களுக்குத் தரப்பட்டன. ராணுவமே இதற்கு வைத்திருந்த பெயர் ‘வெள்ளையாக்கல்’. வெற்றி அணிவகுப்புப் படங்களில் கறுப்பு முகங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தியாரோய்க்குப் பிறகு பிரெஞ்சு ராணுவத்துக்குப் பயம் பிடித்தது. 1945 தேர்தல்களில் ஆப்பிரிக்கர்களில் வாக்குரிமை பெற்ற சிறு பகுதியில் முன்னாள் படைவீரர்களும் அடக்கம். 1946 மே மாதம் நிறைவேறிய, லாமின் கெய் பெயரால் வழங்கும் சட்டம், காலனி மக்கள் எல்லோரையும் குடிமக்கள் என்றது. கட்சிகள் ஊர் ஊராகக் கிளம்பின. கிராமத்தில் பிரெஞ்சு பேசத் தெரிந்த, வெள்ளைக்காரனை நேருக்கு நேர் பார்த்துப் பழகிய, துப்பாக்கி பிடித்த ஆள் யார்? ஓய்வு பெற்ற திராய்யர். அவரைக் கட்சிகள் இழுப்பதற்கு முன் நாம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது ராணுவம்.

1948 முதல் ஆன்றி லிஜே என்ற அதிகாரி கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய வீரர்களின் காகிதங்களைச் சரிபார்க்கத் தொடங்கினார். இந்தக் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளெடுப்பின்போது ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். அதே ஆளின் பெயர் அடுத்த முகாமில் வேறு எழுத்துகளில் பதிவாகியிருக்கும். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? ‘1918 வாக்கில் பிறந்தவர்’ என்று எழுதிவிடுவார்கள். போரில் காயம்பட்ட சான்று எங்கோ பிரான்சின் ஒரு மருத்துவமனையில். ராணுவப் புத்தகம் கூரை ஒழுகி நனைந்தோ, கறையான் தின்றோ போயிருக்கும். ஆள் உயிரோடு எதிரே நிற்பார்; காகிதத்தின்படி அவர் அவரல்ல. நம் தாலுகா அலுவலகங்களில் முதியோர் உதவித்தொகைக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லிஜேயின் சுற்றுப்பயணத்தால் ஆயிரக்கணக்கான கோப்புகள் நகர்ந்தன. 1950இல் வந்த சட்டம், பழைய வீரர்களின் ஓய்வூதியத்தில் கறுப்பு–வெள்ளை வித்தியாசத்தைக் காகித அளவிலாவது நீக்கியது. தேர்ந்தெடுத்த சில இளைஞர்களை அதிகாரிகளாக்க, தென் பிரான்சின் ஃப்ரேஜுஸ் நகரில் பின்னர் ஒரு பள்ளியும் திறந்தார்கள். அந்தப் பள்ளியை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு கரிசனத்துக்கும் காரணம் உண்டு. பேரரசு பற்றி எரிந்துகொண்டிருந்தது, அணைக்க ஆள் வேண்டும். 1947இல் மடகாஸ்கர் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே மக்களைச் சுட அனுப்பப்பட்டவர்களில் செனகல் திராய்யர்களும் இருந்தார்கள். அந்தத் தீவில் அந்தப் பெயர் இன்றும் நல்ல பெயரல்ல. இந்தோசீனாவுக்குக் கட்டாய சேவையில் உள்ள பிரெஞ்சுப் பையன்களை அனுப்ப முடியாத நிலை. ஆகவே அயல்நாட்டுப் படையணி, மொரோக்கர், அல்ஜீரியர், ஆப்பிரிக்கர் என்று கூலிக்குச் சுடுபவர்களை வைத்தே அந்தப் போர் நடந்தது. 1947 முதல் 1954 வரை சுமார் 60,000 ஆப்பிரிக்கர்கள் அங்கே போய்வந்தார்கள். பலர் தாங்களாகவே கையெழுத்துப் போட்டவர்கள். ஊரில் நிலக்கடலை பயிரிட்டு ஒரு வருடத்தில் பார்க்கும் காசைப் படை சில மாதங்களில் கொடுத்தது. விடுதலைக்குப் போரிட்ட வியட்மின் ஆட்கள் அவர்களை நோக்கிப் பிரெஞ்சில் துண்டறிக்கைகள் வீசினார்கள்: நீங்களும் எங்களைப் போல அடிமைகள்தானே, திரும்பிப் போங்கள் என்பது சாரம். படித்தவர்கள் உண்டு. படையை விட்டு ஓடியவர்கள் குறைவு. மாதச் சம்பளம் ஊரில் ஒரு குடும்பத்தை நிறுத்தியிருந்தது.

வியட்நாமியப் பெண்களை மணந்துகொண்டு குழந்தைகளோடு டக்கார் திரும்பியவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் சந்தையில் அரிசித்தாளில் இறைச்சியும் சேமியாவும் கீரையும் சுருட்டிப் பொரித்து விற்றார்கள். ‘நெம்’ என்று பெயர். இன்று டக்காரில் கல்யாண வீட்டிலும் நெம் உண்டு, தெருமுனையிலும் உண்டு. செனகல் பலகாரம் என்றே நினைத்துத் தின்கிறார்கள். ஒரு காலனியப் போர் விட்டுச்சென்ற சுவடுகளில் இவ்வளவு ருசியானது வேறு இருக்காது.

வியட்நாமில் பிரெஞ்சுக் கோட்டையான தியன்பியன்பு விழுந்த ஆண்டிலேயே அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. வியட்நாமிலிருந்து வந்தவர்களை அங்கே மாற்றினார்கள். ஒரே சிப்பாய் அடுத்தடுத்து இரண்டு விடுதலைப் போர்களுக்கு எதிராக நின்றார். அதற்குள் அவருடைய ஊரிலும் விடுதலைப் பேச்சு எழுந்துவிட்டது. 1958 செப்டம்பர் 28 அன்று பிரான்சோடு தொடர்வதா என்று தெகோல் நடத்திய வாக்கெடுப்பில் கினி மட்டும் ‘வேண்டாம்’ என்றது. அக்டோபர் 2இல் அது சுதந்திர நாடு. அல்ஜீரியாவில் பிரெஞ்சுச் சீருடையில் நின்ற கினிச் சிப்பாய் ஒரே இரவில் அந்நியன் ஆனார். சிலர் தங்கினார்கள், பலர் திரும்பினார்கள். ‘செனகல் திராய்யர்’ என்ற பெயர் அந்தக் காலத்திலேயே கைவிடப்பட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் படையும் கலைக்கப்பட்டது.

1959 டிசம்பர் 26. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அடுத்த ஆண்டின் நிதிச் சட்டம் நிறைவேறியது. அதன் 71ஆம் பிரிவை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். விடுதலை பெற்ற நாட்டவருக்கு பிரான்ஸ் தரும் ஓய்வூதியம் அன்றிருந்த தொகையிலேயே நிற்கும், விலைவாசி ஏறினாலும் ஏறாது என்பது அதன் பொருள். கற்கண்டு உறைவதுபோல் தொகை உறைந்துபோவதால், பிரெஞ்சில் அதற்குப் ‘படிகமாக்கல்’ என்று பெயர். அழகான சொல்.

இனி டோகோவின் தலைநகர் லோமே. டோகோ ஒரு சின்ன நாடு. 1960 ஏப்ரல் 27இல் விடுதலை. ஜனாதிபதி சில்வானுஸ் ஒலிம்பியோ படித்தவர், முன்பு ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் உயர் அதிகாரி, சிக்கனத்தில் பிடிவாதக்காரர். இவ்வளவு சின்ன நாட்டுக்கு ராணுவம் எதற்கு என்பது அவர் எண்ணம். 250 பேர் அளவில் ஒரு படை வைத்திருந்தார். பொருளாதாரக் கணக்கில் அவர் சொன்னது சரிதான் என்பேன். ஆனால் அல்ஜீரியப் போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படை கழித்துவிட்ட டோகோக்காரர்கள் சில நூறு பேர் ஊர் திரும்பியிருந்தார்கள். பெரும்பாலும் வடக்கே மலைப்பகுதியைச் சேர்ந்த கபியே இனத்தவர். சுடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். தங்களைப் படையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். நேற்று வரை அல்ஜீரிய விடுதலையை நசுக்கிக் கொண்டிருந்தவர்கள் இவர்கள் என்ற இளக்காரம் ஒலிம்பியோவுக்கு. 1962 செப்டம்பரில் எத்தியேன் எயாதெமா என்ற சார்ஜண்ட் நேரில் வந்து கேட்டும் மறுத்துவிட்டார். 1963 ஜனவரி 7 அன்று அவர்கள் சார்பில் எம்மானுவேல் பொஜோலே மறுபடி ஒரு மனுக் கொடுத்தார். ஜனாதிபதி அதைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று சொல்லப்படுகிறது.

அடுத்த ஞாயிறு, ஜனவரி 13. நள்ளிரவு தாண்டியதும் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு சிப்பாய்கள் நுழைந்தார்கள். பக்கத்து வளாகம் அமெரிக்கத் தூதரகம். ஒலிம்பியோ சுவரேறிக் குதித்து அங்கே நின்ற ஒரு காருக்குள் ஒளிந்துகொண்டார். தூதரகக் கட்டடம் பூட்டியிருந்தது. விடியும் முன் அமெரிக்கத் தூதர் லியோன் புல்லாடா வந்து பார்த்தபோது, வாசலுக்குச் சில அடி தூரத்தில் ஜனாதிபதியின் உடல் கிடந்தது. சுட்டது நான்தான் என்று எயாதெமா பத்திரிகையாளர்களிடம் சொன்னார். பிறகு இல்லை என்றார். சகாராவுக்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் நடந்த முதல் ராணுவப் புரட்சி இது. புதிய அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று படையைப் பெரிதாக்கியது. கேட்டவர்களுக்கு வேலை கிடைத்தது.

இதைக் கூலிக்காரர்களின் கொலை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஒலிம்பியோவின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தலைமுறையையே வேட்டை நாயாக வளர்த்து, வேட்டை முடிந்ததும் அண்டை வீட்டுத் திண்ணையில் அவிழ்த்துவிட்டுப் போனவர் யார் என்ற கேள்வி அந்த வாசலில் கிடக்கிறது. எயாதெமா 1967இல் அதே ஜனவரி 13ஆம் தேதி ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார். 2005இல் சாகும்வரை விடவில்லை. பிறகு வந்தவர் அவருடைய மகன்.

அவர் தனியாள் இல்லை. இந்தோசீனாவில் போரிட்ட கர்னல் பொகாசா 1966 புத்தாண்டில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைப் பிடித்தார். அதே வாரம் மேல் வோல்டாவில், அதாவது இன்றைய புர்க்கினா ஃபாசோவில், லமிசானா. இந்தோசீனா, அல்ஜீரியா இரண்டிலும் இருந்தவர். ஃப்ரேஜுஸ் பள்ளியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1968இல் மாலியைப் பிடித்த மூசா திராவோரே, 1972இல் இன்றைய பெனினைப் பிடித்த மத்தியூ கெரெகூ இருவரும் அங்கே படித்தவர்கள்.

ஆட்சியைப் பிடிக்காத பல்லாயிரம் பேர் ஊரில் உறைந்த தொகையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே புதுச்சேரியை ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கலாம். அங்கே பிரெஞ்சுப் படையில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்பார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றிய தமிழ்ச் சொல்தாக்கள் உண்டு. 1962இல் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது பிரான்சையே தேர்ந்தவர்களுக்கு, பாரிசில் இருப்பவருக்கு வரும் அதே ஓய்வூதியம் வந்தது. சொல்தா வீட்டில் பெண் கொடுக்கப் போட்டி இருந்ததற்கு அதுவே காரணம். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த செனகல்காரருக்கு அப்படியொரு தேர்வு எளிதாகக் கிடைக்கவில்லை. சேவை ஒன்று, சீருடை ஒன்று, கடவுச்சீட்டு வேறு.

செனகலைச் சேர்ந்த 743 பழைய வீரர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 1989இல் குழு அவர்கள் பக்கம் நின்றது: ஓய்வூதியம் செய்த சேவைக்கு, அப்போது எந்த நாட்டவர் என்பதற்கல்ல என்றது. பிரான்ஸ் அசையவில்லை. இயக்குநர் உஸ்மான் செம்பேன், தாமே திராய்யராக இருந்தவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் தியாரோய் பற்றித் தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து படம் எடுத்திருந்தார். வெனிஸ் விழாவில் பரிசு வாங்கிய அந்தப் படம் பிரான்சில் பல ஆண்டுகள் திரைக்கு வரவில்லை. 2001இல் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் உறைந்த ஓய்வூதியம் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. அரசு உடனே ஒரு புதுக் கணக்கு கண்டுபிடித்தது: அவரவர் ஊர் விலைவாசிக்கு ஏற்றபடி கொடுத்தால் போதும். அந்த ஆண்டுகளில் முழு ஊனமுற்ற வீரருக்கு மாதம் பிரான்சில் 690 யூரோ, செனகலில் 230, மொரோக்கோவில் 61. போன கால் ஒன்றுதான்.

2006இல் ரஷீத் புஷாரெப்பின் ‘அந்தீஜேன்’ படம் வெளியானபோது, ஜனாதிபதி சிராக் போர் சார்ந்த ஓய்வூதியங்களைச் சமமாக்குவதாக அறிவித்தார். நாற்பத்தேழு ஆண்டு வழக்குகளும் மனுக்களும் செய்யாததை ஒரு சினிமா செய்தது. அதிலும் ராணுவப் பணி ஓய்வூதியம் விடுபட்டுப் போனது. 2010 மே 28 அன்று அரசியலமைப்பு மன்றம் மிச்சத்தையும் செல்லாது என்றது. நடக்கும் வழக்கினூடே குடிமக்கள் ஒரு சட்டத்தை எதிர்க்க வழிவிட்ட புதிய நடைமுறையில், மன்றம் தீர்ப்புச் சொன்ன முதல் வழக்கே இதுதான். அதற்குள் வாங்கவேண்டியவர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள்.

2024 ஜூலையில் தியாரோயில் சுடப்பட்டவர்களில் ஆறு பேரை ‘பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்’ என்று பிரான்ஸ் அறிவித்தது. நால்வர் செனகல், ஒருவர் ஐவரி கோஸ்ட், ஒருவர் மேல் வோல்டா. எண்பதாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு மக்ரோன் எழுதிய கடிதத்தில் ‘படுகொலை’ என்ற சொல் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்ட சில முதியவர்கள் பாரிசின் புறநகர்களில் சிறு சிறு அறைகளில் தனியாக வாழ்ந்துவந்தார்கள். மனைவி மக்கள் செனகலில். வருடத்தில் ஆறு மாதம் பிரான்சில் இருந்தால்தான் மாதம் சுமார் 950 யூரோ முதியோர் உதவித்தொகை கிடைக்கும் என்ற விதியால் கட்டுண்டு கிடந்தார்கள். 2023 தொடக்கத்தில் அந்த விதி அவர்களுக்குத் தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 28 அன்று ஒன்பது பேர், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள், டக்காருக்கு விமானம் ஏறினார்கள். இந்த முறை தொகை ஊருக்கே வரும்.

(தொடரும்)